மழைமானியைப் பார்த்துவிட்டு அழைத்துச் செல்பவர்கள்: அப்புத்தளையில் ஒரு நாள் நடைப்பயணம்

அப்புத்தளை பஸ் நிலையத்தில் காலை 5.30 மணிக்குத் தொடங்கி, தம்பேத்தன்னப் பக்கத்துத் தேயிலை மலைகளின் வழியாக லிப்டன் சீட் என்ற மலையுச்சி வரை ஏறி, பிற்பகலில் தோட்டத் தொழிலாளர் வாழும் வரிசை வீடுகளான லயமொன்றில் சாப்பாட்டோடு முடிகிற ஒரு நாள் நடைப்பயணச் சேவையைப் பற்றி எழுதுகிறேன். ஒருவருக்கு 6,500 ரூபா. ஒரு நாளில் ஆறு பேருக்கு மேல் சேர்ப்பதில்லை. வழிகாட்டிகள் இருவர். ஒருவர் அந்தப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்து, பண்டாரவளையில் உயர்தரம் வரை படித்து, கொழும்பில் ஐந்து வருடம் கடையில் நின்றுவிட்டு ஊர் திரும்பிய இளைஞர். மற்றவர் அவருடைய பெரியம்மா; 38 வருடம் கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவர். கடந்த பெப்ரவரிக் கடைசியில், யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்த என் தோழியையும் அவருடைய கணவரையும் அழைத்துக்கொண்டு போனேன். இந்தச் சேவையின் பெயரையும் தொலைபேசி எண்ணையும் இங்கே எழுதாததற்குக் காரணம் உண்டு. அதைச் சாப்பாட்டைப் பற்றிப் பேசும் இடத்தில் சொல்கிறேன்.

நான் பதுளை மாவட்டத்தில் பிறந்தவள். கொழும்பில் ஆசிரியையாக இருக்கிறேன். மலைநாடு பார்க்க வருகிற உறவினரும் நண்பரும் என்னைத்தான் கேட்பார்கள் என்பதால், வருடத்தில் இரண்டு மூன்று முறை யாரையாவது அழைத்துக்கொண்டு ஊர்ப்பக்கம் போவது வழக்கமாகிவிட்டது. சென்ற வருடம் இதே தோழியின் அண்ணன் குடும்பத்தை எல்லவுக்கு அழைத்துப் போய், மலைச்சரிவை நேராக வெட்டிக் கட்டியிருந்த ஒரு விடுதியில் இரண்டு இரவு தங்கவைத்தேன். அறையின் கண்ணாடிச் சுவருக்கு அப்பால் பள்ளத்தாக்கு முழுவதும் தெரிந்தது. குளியலறையின் பின்கதவைத் திறந்தால், கைக்கெட்டும் தூரத்தில், எந்தத் தடுப்புச் சுவரும் இல்லாமல் செம்மண் வெட்டு செங்குத்தாக நின்றது. அதன் உச்சியில் இருந்த மரத்தின் வேர்கள் பாதி அந்தரத்தில் தொங்கின. தண்ணீர் பௌசரில் வந்தது. காலையில் முற்றத்துத் தேயிலைச் செடிகளுக்கு நடுவே, பளபளக்கும் சேலை கட்டி, ஒரு கொழுந்துகூட இல்லாத புதுக் கூடையை முதுகில் மாட்டிய இரண்டு பெண்கள் நின்றார்கள். விருந்தினர் படமெடுத்துக்கொள்வதற்காக விடுதிக்காரர் நிறுத்தி வைத்திருந்தவர்கள். நான் தமிழில் பேச்சுக் கொடுத்ததும் அவர்களில் மூத்தவர் தலையைக் குனிந்துகொண்டார். என் அம்மம்மா ஹாலிஎலப் பக்கத்தில் கொழுந்து பறித்துத்தான் ஐந்து பிள்ளைகளை வளர்த்தார். அதன் பிறகு அந்த விடுதியில் எனக்கு ஒரு வாய் சாப்பாடும் இறங்கவில்லை.

மலைநாட்டுக்கு வருகிறவர் காசு கொடுப்பது பனிக்கும் பச்சைக்கும் அருவிக்கும், அந்தப் பச்சைக்கு நடுவில் வாழ்கிற மனிதருக்குமாகத்தான். இந்த நான்கையும் கரைத்துக்கொண்டே அவற்றை விற்கிற வியாபாரமாக நம் சுற்றுலாத்துறை மாறிவருகிறது என்பது என் பல வருடக் கவலை. இலங்கைக்கு வந்த வெளிநாட்டுப் பயணிகள் 2018இல் 23 இலட்சத்து 33 ஆயிரம் பேர். 2019 ஏப்ரலில் நடந்த உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலும் அதன் பின் வந்த கொரோனாவும் சேர்ந்து அந்தத் தொகையை 2021இல் 1 இலட்சத்து 94 ஆயிரத்துக்குத் தள்ளின; 2024இல் அது மீண்டும் 20 இலட்சத்தைத் தாண்டியது. அந்த இடைக்காலத்தில் கடனில் மூழ்கியவர்கள் இப்போது அவசர அவசரமாக மாடி எழுப்புவதை நான் குறைசொல்ல மாட்டேன். ஆனால் அந்த அவசரத்தில் வெட்டுப்படுகிற சரிவு, மழை பெய்தால் யாருடைய கூரையின் மேல் இறங்கும் என்பதை யாரேனும் கேட்டே ஆகவேண்டும். நான் மதிப்பிட வந்த இந்தச் சிறிய சேவை அந்தக் கேள்வியை வாசலிலேயே கேட்டுவிடுகிறது. அதனால்தான் இதைப் பற்றி இவ்வளவு விரிவாக எழுதத் துணிந்தேன்.

முன்பதிவு செய்தபோதே அந்த இளைஞர், எங்களுக்குத் தம்பி, ஒரு நிபந்தனை சொன்னார். லயத்தின் பின்பக்கத்தில் அவர்கள் ஒரு மழைமானி வைத்திருக்கிறார்கள். முந்தைய 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை பதிவானால் நடைப்பயணம் ரத்து. கட்டிய பணம் முழுவதும் மறுநாள் திரும்பிவரும். இந்த 75 என்பது அவர் தன் விருப்பத்துக்கு வைத்த கணக்கன்று. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கை முறையில், ஒரு நாள் மழை 75 மில்லிமீற்றரைத் தொட்டால் விழிப்பு, 100ஐத் தொட்டால் எச்சரிக்கை, 150ஐத் தொட்டால் வெளியேற்றம் என்று மூன்று படிகள் உண்டு. முதல் படியிலேயே இவர்கள் நின்றுவிடுகிறார்கள். சுற்றுலாச் சேவைகளின் ரத்து விதிகளை நான் நிறையப் படித்திருக்கிறேன். மலையின் நிலைமையைப் பார்த்து எழுதப்பட்ட விதியை இங்கேதான் முதன்முதலாகக் கண்டேன்.

நாங்கள் போனபோது டித்வாவின் காயம் ஆறியிருக்கவில்லை. 2025 நவம்பர் இறுதியில் வந்த அந்தப் புயலில் நாடு முழுவதும் 600க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கண்டி, பதுளை, நுவரெலியா மாவட்டங்களில் மண்சரிவுகள் லயங்களையும் வீதிகளையும் கிராமங்களையும் கொண்டுபோயின. மலைநாட்டு ரயில் பாதையும் பல இடங்களில் மண்ணோடு பெயர்ந்தது. உலகம் முழுவதிலிருந்தும் ஆட்கள் வந்து ஏறுகிற ரயில் அது. அதை நம்பாமல் கொழும்பிலிருந்து இரத்தினபுரி, பலாங்கொடை, பெரகலை வழியாகப் பஸ்ஸிலேயே வந்து சேர்ந்தோம். பெரகலைக்கு மேல் ஏறும்போது எதிர்மலைகளில் நகத்தால் கீறிவிட்டதுபோல் செம்மண் கோடுகள் தெரிந்தன. தோழியின் கணவர் அவற்றை எண்ணத் தொடங்கி, சிறிது நேரத்தில் எண்ணுவதை நிறுத்திவிட்டார்.

காலை 5.30 என்றால் 5.30தான். தோட்டத்துக்குப் போகிற பஸ்ஸில் ஏறினோம். தனி வாகனம் ஒழுங்கு செய்யாமல் ஊர்ப் பஸ்ஸில் அழைத்துப் போவது முதலில் சிக்கனமாகத்தான் எனக்குத் தோன்றியது. வெள்ளைச் சட்டைப் பிள்ளைகளும், படங்கைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்த பெண்களும், மரக்கறிச் சாக்குகளுமாக அந்தப் பஸ் நிரம்பியபோது, அவர்கள் காலையை எப்படித் தொடங்குகிறார்களோ அப்படியே நாமும் தொடங்கினால்தான் மற்றது விளங்கும் என்று புரிந்தது. இறங்கியதும் தம்பி மூன்று விஷயங்கள் சொன்னார். பிளாஸ்டிக் போத்தல் வேண்டாம், கொதித்தாறிய தண்ணீர் வழியில் இரண்டு வீடுகளில் கிடைக்கும். வேலை செய்கிறவர்களைக் கேட்காமல் படமெடுக்கக் கூடாது. பிள்ளைகள் பேனா கேட்டாலும் டொபி கேட்டாலும் கொடுக்கக் கூடாது. மூன்றாவதைச் சொல்லும்போது அவர் குரல் சற்று மாறியது. வெள்ளைக்காரரைக் கண்டால் கைநீட்டுகிற பழக்கம் தன் காலத்தில் தனக்கே இருந்தது என்றும், அதற்காக ஒருநாள் பெரியம்மாவிடம் அடி வாங்கியதாகவும் சொன்னார்.

இனி பெரியம்மாவைப் பற்றி. இந்தச் சேவையில் நான் கொடுத்த பணத்தின் பெரும் பகுதி அவரோடு கழித்த முக்கால் மணி நேரத்துக்கே போதும். கொழுந்து பறிப்பதை எங்களுக்குக் கற்றுக்கொடுக்க அவர் வேலை நடக்கிற மலையைத் தேர்ந்தெடுக்கவில்லை. கைவிடப்பட்டு மானாப்புல் ஏறிய ஒரு ஓரத்தில், தானே பராமரித்து வைத்திருக்கும் இருபது முப்பது செடிகளுக்கு அழைத்துப் போனார். "நகத்தால கிள்ளக்கூடாது டீச்சர். நகம் பட்ட எடம் கருகிப்போகும். விரல் ரெண்டையும் வச்சு ஒடிக்கணும்" என்று சொல்லி, இரண்டு இலையும் ஓர் அரும்புமாக ஒடித்துக் காட்டினார். ஒடிபடும்போது கேட்கிற மெல்லிய சத்தத்தைக் கேட்கச் சொன்னார். சத்தம் வந்தால் கொழுந்து, வராவிட்டால் முற்றல். அவருடைய பெருவிரலிலும் ஆட்காட்டி விரலிலும் ரேகையோடு ரேகையாகக் கருங்கறை படிந்திருந்தது. வேலையை விட்டு ஆறு வருடமாகியும் போகவில்லையாம். எங்கள் மூவரின் கொழுந்தையும் சேர்த்து ஒரு பிடிதான் வந்தது. அதை அவர் கூடையில் போடாமல் கையிலேயே ஏந்திப் பார்த்து, தான் பறித்த காலத்தில் கூடைப் பாரத்துக்கும் ஈரத்துக்கும் என்று நிறுவையில் கழித்துக்கொண்ட கிலோக்களைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். கோபம் இல்லாமல், கணக்கு ஒப்புவிப்பதுபோலச் சொன்னார்.

அதன் பிறகு அவர் செய்த காரியம் என் நினைவை விட்டு அகலாது. ஒரு பழைய செடியின் அடியில் குந்தி, தூரைச் சுற்றியிருந்த சருகை விலக்கி, மண்ணுக்கு மேலே நின்ற வேர்களின் இடுக்கில் தன் கையை நுழைத்தார். உள்ளங்கை முழுவதும் உள்ளே போயிற்று. ஒரு சாண் உயரத்துக்கு வேர் வெளியே நின்றது. "நான் பேரு பதிஞ்சப்போ மண்ணு இங்க இருந்துச்சு" என்று தூரின் மேற்பகுதியைத் தொட்டுக் காட்டினார். ஒரு பெண்ணின் உழைப்புக் காலத்துக்குள் ஒரு சாண் மண் மலையை விட்டு இறங்கியிருக்கிறது. முன்பெல்லாம் காலையில் பெரட்டுக்களத்தில் ஆள் பிரிக்கும்போது கான் வெட்டுக்கென்று தனியாக ஆண்கள் போவார்களாம். சரிவின் குறுக்கே வெட்டிய அந்தக் கான்கள் மழைநீரை மெதுவாக நடத்திக் கொண்டுபோய் ஓடையில் விடும். ஆட்கள் குறைந்தார்கள், கான்கள் தூர்ந்தன, இப்போது மழைநீர் வழி தேடிச் செங்குத்தாக இறங்குகிறது. மேலே விடுதிக்காகவும் வீதிக்காகவும் வெட்டப்படுகிற ஒவ்வொரு சரிவும் அந்த நீருக்கு இன்னொரு வழியைத் திறந்துவிடுகிறது. சுற்றுச்சூழல் பற்றி மேடையில் கேட்ட எந்தப் பேச்சும் எனக்கு இதை இவ்வளவு தெளிவாக விளக்கியதில்லை.

தேயிலைத் தொழிற்சாலைப் பகுதியை விரைவாகக் கடந்துவிடுகிறேன். தம்பேத்தன்னத் தொழிற்சாலை தோமஸ் லிப்டன் 1890இல் கட்டியது. வாட்டுதல், உருட்டுதல், புளிக்கவைத்தல், உலர்த்துதல், சலித்தல் என்ற வரிசை எல்லாத் தொழிற்சாலையிலும் ஒன்றுதான். அந்த வாசனைக்காக ஒருமுறை வெளியே நிற்கலாம்.

தொழிற்சாலையிலிருந்து உச்சிக்கு ஏறக்குறைய 7 கிலோமீற்றர். பாதி வழியை வீதியிலும் பாதியைக் குறுக்குப் படிகளிலும் ஏறினோம். முழங்கால் வலியுள்ளவர்கள் இதைக் கவனத்தில் கொள்ள வேண்டும். தம்பி இதை முன்கூட்டியே போதுமான அளவு சொல்லவில்லை. 8.45க்கு மேலே சேர்ந்தோம். தெற்கே மலை ஒரேயடியாக விழுந்து, சமவெளி விரிந்து, தொலைவில் குளங்கள் கண்ணாடித் துண்டுகள்போல மின்னின. ஒன்பதரைக்குப் பனி ஏறி எல்லாவற்றையும் மூடிவிட்டது. ஆகவே அந்த அதிகாலைப் பஸ்ஸை யாரும் சபிக்க வேண்டாம். பெஞ்சில் அமர்ந்திருக்கும் லிப்டன் சிலைக்குப் பக்கத்தில் படமெடுத்துக்கொள்ள ஒரு வரிசை நின்றது. தம்பி எங்களை அங்கிருந்து சற்றுத் தள்ளி, கொஸ்லாந்தைத் திசையைப் பார்க்கிற ஓரிடத்துக்கு அழைத்துப் போனார்.

அந்தத் திசையில்தான் மீரியபெத்தை. 2014 ஒக்டோபர் 29 காலையில், பிள்ளைகள் பாடசாலைக்குப் புறப்படுகிற நேரத்தில், மலை இறங்கி லய வரிசைகளை மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கை கொடுக்கப்பட்டிருந்தது. கொடுக்கப்பட்ட எச்சரிக்கைக்கும் கட்டப்படாத மாற்று வீடுகளுக்கும் இடையில் அந்தக் குடும்பங்கள் இருந்தன. அப்போது தனக்குப் பதினான்கு வயது என்றும், மண் தோண்டப் போன தன் அப்பா இரண்டு நாள் கழித்துத் திரும்பிவந்து யாரோடும் பேசவில்லை என்றும் தம்பி சொன்னார். மழைமானி வாங்க வேண்டும் என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது என்று நாங்கள் கேட்கவில்லை. கேட்கத் தேவை இருக்கவில்லை.

உச்சியின் கீழே உள்ள பள்ளத்தில் தின்பண்ட உறைகளும் தண்ணீர்ப் போத்தல்களும் குவிந்து கிடந்தன. ஹோட்டன் சமவெளியின் வாசலில் பைகளைத் திறந்து பார்த்துப் பொலித்தீனை எடுத்துவிடுகிறார்கள். மரைகள் அதைத் தின்று மாண்டுபோவதைக் கண்டு வந்த ஏற்பாடு அது. மகாவலிக்கும் களனிக்கும் வளவைக்கும் தலைநீர் கொடுக்கிற அந்தச் சமவெளி, மத்திய மலைநாட்டின் மற்ற இரு காடுகளோடு சேர்த்து 2010இல் உலக மரபுரிமையாக அறிவிக்கப்பட்டது. அதனால் காவல் இருக்கிறது. தேயிலை மலைகளுக்கு அப்படிக் காவல் கிடையாது. இறங்கும்போது தம்பி ஒரு சாக்கை நிரப்பிக்கொண்டே வந்தார். எங்களை உதவச் சொல்லவும் இல்லை, நாங்கள் குனிந்து எடுத்தபோது தடுக்கவும் இல்லை.

சாப்பாடு லயத்தின் கடைசிக் காம்பராவில். பத்தடிக்குப் பன்னிரண்டடி என்று எல்லோரும் படித்த அளவுதான். முன்னால் ஓர் ஒடுங்கிய திண்ணை, பின்னால் புகைக்கூடு போட்ட அடுப்பங்கரை. சிவப்பரிசிச் சோறு, பருப்பு, போஞ்சிக் குழம்பு, கோவா வறை, நெத்தலிப் பொரியல், வாழையிலை. சோறு வேண்டாதவர்களுக்குக் கோதுமை மா ரொட்டியும் இடித்த சம்பலும். குழம்பில் உப்பு ஒரு மடங்கு கூடுதல். ரொட்டி மிக நன்றாக இருந்தது. தோழி மூன்று சாப்பிட்டார். குடிக்கச் சாயத்தண்ணி கொடுத்தார்கள். அவ்வளவு உயரத்தில் விளைகிற நல்ல தேயிலை கப்பலுக்குப் போய்விடுகிறது, லயத்தில் ஊற்றுவது தூள்தான் என்று சமைத்த அக்கா இயல்பாகச் சொன்னார். கை கழுவ ஒரு சிறிய செம்பில்தான் தண்ணீர். ஓடை மெலிந்துவிட்டது. இந்தப் பக்கத்து மக்களுக்குத் தண்ணீர் போவது புதிய அனுபவம் அன்று: 2014 இறுதியில் உமா ஓயாத் திட்டத்தின் சுரங்கத்துக்குள் நிலத்தடி நீர் பீறிட்டு, பண்டாரவளைப் பகுதியில் கிணறுகள் வற்றி, வீட்டுச் சுவர்களில் வெடிப்பு விழுந்ததை அவர்கள் உறவுகளின் வீடுகளிலேயே பார்த்தவர்கள். தலவாக்கலையில் சென் கிளயர் அருவி, 2012இல் மேல் கொத்மலை மின்திட்டம் திறக்கப்பட்ட பிறகு எப்படி மெலிந்தது என்பது என் கண்ணெதிரே நடந்தது. மின்சாரம் தேவைதான். ஆனால் விளம்பரத்தில் அருவியையும் ஓடையையும் காட்டுகிற துறை, அவற்றின் நீர் எங்கே போகிறது என்ற முடிவுகள் எடுக்கப்படும் இடத்தில் வாய் திறப்பதில்லை.

பெயரை எழுதாத காரணத்துக்கு இப்போது வருகிறேன். அந்தக் காம்பராவில் நான்கு தலைமுறை பிறந்திருக்கிறது. 2023இல் மலையகத் தமிழர் இந்த நாட்டுக்கு வந்து 200 வருடம் ஆனதை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு மக்கள் நடந்தார்கள். அந்த நடையில் இந்தத் தம்பியும் சில நாள் நடந்திருக்கிறார். ஆனாலும் வீடு தோட்டத்தின் பெயரில்தான் இருக்கிறது. ஏழு பேர்ச்சஸ் என்றும் பத்து பேர்ச்சஸ் என்றும் ஒவ்வொரு அரசும் சொல்லிச் சென்ற காணி உறுதி இந்த வரிசையில் ஒருவர் கைக்கும் வரவில்லை. உறுதி இல்லாமல் வங்கிக் கடன் இல்லை; கடன் இல்லாமல் விருந்தினருக்கு ஏற்ற கழிப்பறை கட்ட முடியாது. யாரேனும் ஒரு நாள் ஆட்சேபித்தால் திண்ணையில் வைத்துச் சோறு போடுவதையே நிறுத்த வேண்டிவரும் என்ற அச்சத்தால்தான், பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டார்கள். எல்லவில் சரிவை வெட்டியவருக்கு எல்லாத் தாள்களும் இருக்கின்றன. மண்ணைக் காத்து நடக்கிறவருக்கு ஒரு தாளும் இல்லை. அப்புத்தளையில் இறங்கிக் கடைத்தெருவில் விசாரிக்கிறவர்களுக்கு இவர்களைக் கண்டுபிடிப்பது கடினமாக இராது.

சாப்பிட்ட பிறகு தம்பி ஒரு கொப்பியைக் கொண்டுவந்து எங்கள் முன்னே விரித்தார். பாடசாலைப் பிள்ளைகள் எழுதுகிற கோடு போட்ட கொப்பி. ஒவ்வொரு நடைக்கும் ஒரு பக்கம்: திகதி, பேர், மழைமானி காட்டிய அளவு, வந்த பணம், போன பணம். 6,500இல் சமைத்த வீட்டுக்கு 1,800, பெரியம்மாவுக்கு 1,500, தண்ணீர் கொடுத்த இரண்டு வீடுகளுக்கு 200 வீதம், லயத்துக் குழாய் திருத்தும் பொது உண்டியலுக்கு 500. பஸ்ஸும் சில்லறையும் போக மிச்சம் தனக்கு. பெரியம்மாவின் பங்கைப் படித்ததும் எனக்குத் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் நினைவுக்கு வந்தது. 2021இல் 1,000 ரூபாவாகவும் 2024இல் 1,350 ரூபாவாகவும் இருந்ததை, 2026ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தில் 1,750 ரூபாவாக உயர்த்துவதாக அறிவித்தார்கள். நாள் முழுவதும் அட்டைக் கடியும் குளவிப் பயமுமாக நின்று வாங்குவதற்குக் கிட்டத்தட்டச் சமமான தொகை, ஒரு விருந்தினரின் பங்கிலிருந்து, தனக்குத் தெரிந்ததைத் தன் மொழியில் சொல்லிக்கொடுத்ததற்காக அவருக்குக் கிடைக்கிறது. அந்தப் பக்கத்தின் அடியில் எங்களிடம் கையெழுத்து வாங்கினார்கள்.

குறைகளையும் சொல்ல வேண்டும். ஏழு மணி நேரத்தில் பெண்கள் பயன்படுத்தக்கூடிய கழிப்பறை ஒரே ஓர் இடத்தில்தான் இருந்தது; அதிலும் தண்ணீரை நாமே சுமந்து போகவேண்டும். முதலுதவிப் பெட்டி என்று வைத்திருந்ததில் பஞ்சும் ஒரு களிம்பும் தவிர ஒன்றும் இல்லை. தோழியின் கணவர் படியில் சறுக்கிக் கணுக்கால் புரண்டபோது என் கைத்துண்டைத்தான் கட்டினோம். திரும்பிவரப் பிடித்த ஆட்டோவின் கட்டணம் தனி என்பதை முதல்நாளே சொல்லியிருக்க வேண்டும். தம்பியின் ஆங்கிலம் நன்று. ஆனால் பெரியம்மா சொல்கிறதை அவர் வெளிநாட்டவருக்குச் சுருக்கித்தான் சொல்கிறார் என்று அன்று எங்களோடு நடந்த இரு பிரான்ஸ் நாட்டவரைப் பார்த்தபோது உணர்ந்தேன். வேரைக் காட்டி அவர் சொன்ன வாக்கியம் அவர்களிடம் போய்ச் சேரவில்லை. நான்தான் மீண்டும் சொன்னேன். தமிழ் தெரிந்தவர்கள் இந்தச் சேவைக்குப் போனால் இரட்டிப்புப் பயன் பெறுவார்கள்.

இன்னொன்றையும் எழுதாவிட்டால் மனம் ஆறாது. நாங்கள் போனது மாசி மாதம். லயத்துக்குக் கீழே உள்ள பொட்டலில் காமன் ஊன்றியிருந்தார்கள். சுற்றிலும் சாணம் மெழுகி, கோலமிட்டு, இளைஞர்கள் மாலையானால் தப்பு அடித்துப் பழகுகிறார்கள். பௌர்ணமியை ஒட்டி விடியவிடிய ஆடி, காமனை எரித்து, ரதியின் புலம்பலோடு போய் முடிகிற கூத்து அது. வேடமிடுகிறவர் அத்தனை நாளும் விரதம் இருப்பார். அதை எங்களுக்குக் காட்ட முடியுமா என்று தோழி ஆசையோடு கேட்டார். "பாக்க வாங்க அக்கா, ஆனா விடியும்வரைக்கும் இருக்கணும். உங்களுக்குன்னு ஆட முடியாது" என்றார் தம்பி. போன வருடம் ஒரு விடுதி இரவு விருந்துக்கு இருபது நிமிடக் கூத்து கேட்டு நல்ல பணம் கொடுத்ததாம். நான்கு பையன்கள் போய் ஆடினார்கள். அவர்களை ஊரில் ஒருவரும் திட்டவில்லை, அந்தப் பணத்தில் ஒருவரின் தங்கை கணினி வகுப்புக்குப் போகிறாள். ஆனால் இந்த வருடம் ரதி வேடத்துக்கு அவர்களில் ஒருவனைக் கேட்டபோது, எரிப்பதற்கு முன்பே இறங்கிவிட்ட காமன் தன் கண்ணுக்குள் நிற்கிறது என்று சொல்லி மறுத்துவிட்டானாம். தோழியும் அவருடைய கணவரும் ஊருக்குத் திரும்பும் நாளைத் தள்ளிவைத்துக்கொண்டு, பௌர்ணமி இரவில் மறுபடி வந்தார்கள். எனக்குப் பாடசாலை இருந்ததால் வர முடியவில்லை. அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது.

ஏப்ரல் விடுமுறையில் என் மாணவிகள் இருவரையும் அவர்களின் அம்மாமாரையும் அழைத்துப் போக மறுபடி முன்பதிவு செய்தேன். புறப்படுவதற்கு முந்தைய மாலை தம்பியிடமிருந்து ஒரு படம் வந்தது: மழைமானியின் கண்ணாடிக் குழாய், பக்கத்தில் அளவுகோலைப் பிடித்திருக்கும் கறை படிந்த இரண்டு விரல்கள், 82இல் நிற்கிற நீர். பணத்தை அடுத்த முறைக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்று சொன்னேன். கேட்கவில்லை. மறுநாள் காலை வங்கி திறந்த கையோடு முழுத் தொகையும் என் கணக்குக்கு வந்துவிட்டது. பிற்பகலில் அழைத்துப் பேசியபோது, பெரியம்மா ஆட்களைச் சேர்த்துக்கொண்டு மலைக்குப் போயிருக்கிறார், கோயிலுக்கு மேலே தூர்ந்துபோன பழைய கானை மழை ஓய்வதற்குள் வெட்டித் திறக்கிறார்கள் என்றார் தம்பி.